வலியின்றித் தலைவாருதல்

இரண்டு வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் சீப்பைக் கண்டவுடன் அழுவதையும் ஓடி ஒளிவதையும் பெரும்பாலான வீடுகளில் பிடிவாதம் என்றே கொள்கின்றனர். ஆயினும் அந்த அழுகைக்கு உடலமைப்பு சார்ந்த காரணங்கள் உண்டு என்பதையும், அவற்றை அறிந்து வாருபவர் தம் கைப்பழக்கத்தைச் சற்றே மாற்றிக்கொண்டால் வலி பெருமளவு குறையும் என்பதையும் இவ்வத்தியாயம் விளக்குகிறது. விளக்கத்திற்குரிய களமாகக் காந்தலூர் எடுத்துக்கொள்ளப்படுகிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த இவ்வூர், மறையூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகியவற்றோடு சேர்ந்து அஞ்சுநாடு என வழங்கும் தமிழ் ஊர்த்தொகுதியைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை உயர்ந்த முகடுகள் மறுபுறமே தடுத்துவிடுவதால் ஒப்பளவில் மழை குறைந்து நிற்கும் சரிவில், இவ்வூர் இருக்கிறது. குளிர்ந்த காலை, வறண்ட காற்று, குழந்தைகள் நாள் முழுவதும் அணிந்திருக்கும் கம்பளிக் குல்லாய், விடியுமுன் தோட்ட வேலைக்குக் கிளம்பவேண்டிய பெற்றோரின் அவசரம் ஆகிய நான்கும் இங்கே ஒன்றுசேர்ந்து முடியில் சிக்கை வளர்க்கின்றன. இங்கே பயன்படும் முறை வெப்பமான சமவெளி ஊர்களிலும் பயன்படும். ஆனால் சமவெளியில் பயன்படும் எல்லா வழக்கமும் இங்கே அப்படியே பொருந்துவதில்லை.

வலி தோன்றும் இடம்

கண்ணுக்குத் தெரியும் முடி உயிரற்றது. கெரட்டின் என்னும் கடினமான புரதத்தால் ஆன அந்த இழையை வெட்டினாலும் வலிப்பதில்லை. உயிருள்ள பகுதி தோலுக்கடியில் உள்ள மயிர்க்கால் ஆகும். ஒவ்வொரு மயிர்க்காலையும் சுற்றி நுண்ணிய நரம்பு முனைகள் வலைபோலப் பின்னிக் கிடப்பதால், முடி சற்றே அசைந்தாலும் மூளை அதை உணர்கிறது. சிக்கின் நடுவில் சீப்பு மாட்டிக்கொண்டு இழுபடும்போது, அந்த இழுவிசை முழுவதும் அச்சிக்கில் அகப்பட்ட சில பத்து முடிகளின் வேர்களுக்கே ஒரே நேரத்தில் சென்று சேர்கிறது. பெரியவர்கள் தம் தலையைத் தாமே வாரும்போது வலி குறைவாகத் தோன்றுவதற்குக் காரணம், எப்போது எவ்வளவு இழுக்கப்போகிறோம் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவதும், கை தானாகவே விசையைத் தளர்த்திக்கொள்வதுமே. பின்னால் இருந்து வேறொருவர் வாரும்போது குழந்தைக்கு இவ்விரண்டும் கிடைப்பதில்லை.

சிக்கு விழுவதற்கான காரணத்தை முடியின் மேற்பரப்பில் தேடவேண்டும். ஒவ்வொரு முடியையும் மிக மெல்லிய செதில்கள் போர்த்தியிருக்கின்றன. அவை வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், நுனி நோக்கித் தடவினால் வழுக்கும், வேர் நோக்கித் தடவினால் சொரசொரக்கும். உராய்வாலும் வெயிலாலும் செதில்களின் ஓரம் நிமிர்ந்துவிட்டால் அடுத்த முடியின் செதிலோடு அது கோத்துக்கொள்கிறது. தலைமுடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்பதால், தோளைத் தொடும் இருபது சென்டிமீட்டர் முடியின் நுனிக்கு வயது ஒன்றரை ஆண்டுக்கு மேல். அத்தனை காலம் தலையணையிலும் குல்லாயிலும் தேய்ந்த நுனியிலேயே சிக்கு மிகுதியாக விழுவது இயல்பு. மேலும், தோலில் உள்ள நெய்ச்சுரப்பிகள், அதாவது முடிக்கு வழவழப்பைத் தரும் கொழுப்பைச் சுரப்பவை, பிறந்த சில மாதங்களுக்குப் பின் அடங்கி, எட்டு அல்லது பத்து வயதை ஒட்டியே மீண்டும் விழித்தெழுகின்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் குழந்தையின் முடி மெல்லியதாகவும் நெய்ப்பசை குறைந்ததாகவும் இருக்கிறது. பிடரியில் எப்போதும் ஓர் உருண்டைச் சிக்கு கிடப்பதும் இதனோடு தொடர்புடையது. உறங்கும்போது தலை புரளும் இடமும், குல்லாயின் விளிம்பும் சட்டைக் கழுத்தும் உரசும் இடமும் அதுவே.

இருவேறு வேலை, இருவேறு சீப்பு

சிக்கெடுப்பதும் பேனெடுப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதை மனிதர் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். இஸ்ரேலின் லாகீசு என்னும் தொல்லியல் மேட்டில் 2016-இல் கிடைத்து, 2022-இல் எழுத்துகள் படித்து வெளியிடப்பட்ட ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பழமையான தந்தச் சீப்பில், ஒருபுறம் சிக்கெடுக்க ஆறு அகன்ற பற்களும் மறுபுறம் பேனெடுக்கப் பதினான்கு நெருங்கிய பற்களும் இருந்தன. தமிழகத்தில் கீழடி அகழாய்விலும் தந்தச் சீப்பு கிடைத்துள்ளது. ஆனைமலை, பறம்பிக்குளம், நெல்லியாம்பதிக் காடுகளில் வாழும் காடர் மக்களிடையே மணமகன் தன் கையாலேயே மூங்கில் சீப்புச் செய்து மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியான தம் தொகுதிகளில் பதிவு செய்துள்ளார். காந்தலூரைச் சுற்றியுள்ள முதுவர் குடிகளின் பெண்களும் மூங்கில் சீப்பைக் கொண்டையில் செருகிக்கொள்ளும் மரபினர். சீப்பு இம்மலைகளில் அன்பின் அடையாளமாக இருந்திருக்கிறது. அது குழந்தைக்கு மட்டும் அச்சத்தின் அடையாளமாக மாறுவதற்கு, பல வீடுகளில் எல்லா வேலைக்கும் ஒரே சீப்பைப் பயன்படுத்துவதே முதற்காரணம்.

குழந்தைக்குத் தேவையானவை, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்ட அகன்ற பற்சீப்பு ஒன்று, மேல்முடியை ஒழுங்காக்க வளையும் பற்களைக் கொண்ட பிரஷ் ஒன்று, தனியே எடுத்துவைக்கப்பட்ட பேன்சீப்பு ஒன்று ஆகிய மூன்றே. பிரஷ் மேற்பரப்பை மட்டும் நீவிவிட்டு உள்ளே சிக்கை அப்படியே விட்டுவிடும் என்பதால், சீப்பால் சிக்கெடுத்த பின்னரே அதைப் பயன்படுத்தவேண்டும். மலிவான பிளாஸ்டிக் சீப்புகளில் அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் ஒவ்வொரு பல்லின் உட்புறமும் ஒரு கூரிய வரம்பு நிற்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத இவ்வரம்பு முடியின் செதிலைச் சுரண்டுகிறது. வாங்குமுன் பற்களுக்கிடையே மெல்லிய மல்துணியின் ஓரத்தை விட்டு இழுத்துப் பார்த்து, நூல் மாட்டினால் அச்சீப்பைத் தவிர்ப்பது நல்லது. மரச்சீப்புக்கும் மூங்கில் சீப்புக்கும் இதே சோதனை பொருந்தும், ஏனெனில் சிம்பு எழுந்த மூங்கில் பிளாஸ்டிக்கைவிடக் கொடியது. சிம்பில்லாத மரச்சீப்புக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு: வறண்ட குளிர்காலத்தில் பிளாஸ்டிக் சீப்பு உராய்ந்து நிலைமின்னூட்டம் உண்டாகி முடி எழுந்து பறப்பது மரச்சீப்பில் மிகக் குறைவு.

பழைய வீடுகளில் சிணுக்கோலி என்றும் சிணுக்குவாரி என்றும் வழங்கிய கூர்முனைக் கருவி, வகிடு எடுக்கவும் சிக்கின் முடிச்சைத் தளர்த்தவும் பயன்பட்டது. முடிச்சை இழுக்காமல் குத்தித் தளர்த்தும் அதன் தத்துவம் மிகச் சரியானது. ஆனால் திடீரெனத் தலையைத் திருப்பும் சிறு குழந்தையின் அருகில் உலோகக் கூர்முனை ஆபத்தானது. மழுங்கிய மூங்கில் குச்சியோ வால்சீப்பின் உருண்ட வாலோ அவ்வேலையைச் செய்யப் போதும்.

கை செய்யவேண்டியது

இவ்வத்தியாயத்தில் மிகுந்த கவனத்தோடு படிக்கவேண்டிய பகுதி இதுவே. வாருபவர் திண்ணையிலோ படியிலோ அமர்ந்து, குழந்தையை ஒரு படி கீழே, தம் முழங்கால்களுக்கிடையே, வெளிப்பக்கம் பார்க்குமாறு அமரவைத்தால், குழந்தையின் தலை வாருபவரின் மார்புயரத்தில் நிற்கும். குழந்தைக்கு முதுகில் ஓர் அணைப்பும் கண்ணுக்கு முன்னால் ஒரு காட்சியும் கிடைக்கும். முடியை நான்காகவோ ஆறாகவோ பிரித்து, வாராத பகுதிகளைக் கிளிப்பால் ஒதுக்கிவிட்டு, பிடரியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செல்லவேண்டும். ஒரு நேரத்தில் குழந்தையின் சுண்டுவிரல் பருமனுள்ள கற்றைக்கு மேல் கையில் எடுக்கக்கூடாது.

கற்றையை இடக்கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கவேண்டும். பிடிக்கும் இடம் சிக்குக்கு மேலேயும் தலைத்தோலுக்குச் சற்றுத் தள்ளியும் இருக்கவேண்டும். பிடித்த விரல்களுக்கும் தோலுக்கும் இடையே உள்ள முடி விறைப்பாக நிற்காமல் வில்போல் தொய்ந்து தொங்குவதே சரியான பிடிக்கு அடையாளம். அத்தொய்வு இருக்கும்வரை சீப்பின் இழுவிசை வாருபவரின் விரல்களில் முடிந்துவிடுகிறது, மயிர்க்காலைச் சென்றடைவதில்லை. தலைவாரும் கலை முழுவதும் இந்தத் தொய்வில் அடங்கியிருக்கிறது என்றே கூறலாம். சீப்பின் விலையோ எண்ணெயின் பெயரோ இதற்கு ஈடாகாது.

அடுத்ததாக, சீப்பு நுனியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் நுழைந்து கீழே வரவேண்டும். அப்பகுதி தடையின்றி வழுக்கிய பின் இன்னும் இரண்டு விரற்கடை மேலே நுழையவேண்டும். இவ்வாறு படிப்படியாக ஏறி, கடைசி முறையில் மட்டுமே வேரிலிருந்து நுனிவரை சீப்பு ஓடவேண்டும். உச்சியிலிருந்து தொடங்கிக் கீழே இழுக்கும் வழக்கத்தில், மேலே இருந்த சிறு சிக்குகள் எல்லாம் கீழே தள்ளப்பட்டு ஒரே இடத்தில் திரண்டு பெருமுடிச்சாகின்றன. சீப்பு நின்றுவிட்டால் அதை அழுத்தாமல் வெளியே எடுத்து, முடிச்சின் அடிப்புறத்தில் குச்சியின் முனையை நுழைத்து, இரு கைவிரல்களாலும் முடிச்சைப் பக்கவாட்டில் விரித்துத் தளர்த்தவேண்டும். முடிச்சில் பெரும்பாலும் ஓரிரு முடிகளே உண்மையில் கட்டியிருக்கும், மற்றவை அவற்றில் அகப்பட்டவை.

ஈரமுடியை வாருவதா உலர்ந்த முடியை வாருவதா என்னும் கேள்விக்கு முடியின் வகையே விடை தரும். நீர் பட்டவுடன் கெரட்டினை இறுக்கிவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தற்காலிகமாக அவிழ்வதால், ஈரமுடி ஏறத்தாழ 30 விழுக்காடு வரை நீளக்கூடியதாகவும் எளிதில் சேதமடைவதாகவும் ஆகிறது. ஆகவே நேரான முடியையும் சற்றே அலைபாயும் முடியையும் குளிக்குமுன் உலர்ந்த நிலையில் ஒருமுறை சிக்கெடுத்துவிட்டு, குளித்தபின் முக்கால் பங்கு உலர்ந்ததும் மீண்டும் வாருவது நல்லது. சுருள்முடிக்கு இம்முறை பொருந்தாது; உலர்ந்த சுருளை வாரினால் அது முறியும், ஆதலால் கண்டிஷனரோ செம்பருத்தி இலைச் சாறோ தடவிய ஈர நிலையிலேயே, விரலாலும் அகன்ற பற்சீப்பாலும் பிரிக்கவேண்டும்.

குளிரில் எண்ணெய்

தேங்காயெண்ணெயின் உருகுநிலை ஏறத்தாழ 24 பாகை செல்சியசு. காந்தலூரில் காலையின் வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதியில் இதற்குக் கீழேயே இருப்பதால், புட்டியில் உள்ள எண்ணெய் வெள்ளைக் கட்டியாக உறைந்து நிற்கும். உறைந்த எண்ணெயை விரலால் தோண்டி அப்படியே குழந்தையின் தலையில் அப்பித் தேய்க்கும்போது, குளிர்ச்சியால் குழந்தை துள்ளுவது ஒருபுறம் இருக்க, எண்ணெய் பரவாமல் ஓரிடத்தில் திரண்டு முடியை முடியோடு ஒட்டிச் சிக்கை அதிகமாக்குகிறது. வெந்நீர் ஊற்றிய குவளைக்குள் புட்டியைச் சில நிமிடம் நிறுத்தி, உருகிய எண்ணெயை மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, பின்னர் உள்ளங்கைகளில் பரப்பி, முதலில் நுனிக்கும் பிறகு நடுப்பகுதிக்கும் தடவவேண்டும். அடுப்பின்மேல் நேரடியாகச் சூடாக்குவது கூடாது. எண்ணெயின் சூடு கண்ணுக்குத் தெரியாது.

சிக்கெடுக்க எண்ணெய் உதவும் என்பது பாட்டிமார் அறிந்த செய்தி. அதன் காரணத்தை ஓரளவு விளக்கிய ஆய்வு 2003-இல் வெளிவந்தது. மும்பையைச் சேர்ந்த ஆர்த்தி ரேலே, ஆர். பி. மொஹிலே ஆகியோர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பது தேங்காயெண்ணெய் மட்டுமே எனக் கண்டனர். அதில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதாகவும் நேர்ச்சங்கிலியாகவும் இருப்பதால் அது முடித்தண்டுக்குள் ஊடுருவுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். தோளளவு முடிக்கு அரைத் தேக்கரண்டி போதும். விறகடுப்புள்ள வீட்டில் அளவுக்கு மிஞ்சிய எண்ணெய் புகைக்கரியையும் மண்தூசியையும் பிடித்துக்கொண்டு, இரண்டு நாளில் முடியைப் பிசுபிசுப்பான சடையாக்கிவிடும்.

அலசுவதற்குச் சீயக்காயோ அரப்போ பயன்படுத்தும் வீடுகளில், தூளை வெந்நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டிய நீரை மட்டுமே குழந்தைக்கு எடுக்கவேண்டும். வடிகட்டாத திப்பி முடியில் தங்கிச் சீப்பைத் தடுக்கும், கண்ணில் பட்டு எரிந்தால் குளியலே அச்சமாகிவிடும். கண்ணுக்கு எரிச்சல் தராத குழந்தை ஷாம்பும் அதன்பின் சிறிது கண்டிஷனரும் பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை. மரபுப்பொருளே சிறந்தது என்னும் பிடிப்பைவிடக் குழந்தை அழாமல் குளிப்பது பெரிது. ஒரு பங்கு கண்டிஷனரைப் பத்துப் பங்கு வெதுவெதுப்பான நீரில் கலந்து தெளிப்பான் புட்டியில் வைத்துக்கொண்டால், குளிக்காத நாளிலும் சிக்கின்மேல் தெளித்து எடுக்கலாம். துவட்டும்போது துண்டைத் தலையில் போட்டுப் பரபரவென்று தேய்ப்பதே குளியலுக்குப்பின் விழும் சிக்குக்குப் பெருங்காரணம். மெல்லிய பருத்தித் துண்டால் சுற்றி அழுத்தி நீரை எடுத்தால் போதும்.

காலையிலிருந்து மாலைக்கு

பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ கிளம்பும் காலைப்பொழுதே பெரும்பாலான வீடுகளில் தலைவாரும் நேரம். காந்தலூரில் அந்நேரம் எல்லா வகையிலும் பொருத்தமற்றது: எண்ணெய் உறைந்திருக்கிறது, நீர் சில்லென்றிருக்கிறது, குழந்தைக்குத் தூக்கம் கலையவில்லை, தாய்க்குப் பூண்டு வயலோ காய்கறித் தோட்டமோ காத்திருக்கிறது. சிக்கெடுக்கும் வேலையை முழுவதுமாக மாலைக்கு மாற்றுவதே இவ்வத்தியாயம் வற்புறுத்தும் ஒரே நேரமாற்றம். குழந்தை வீடு திரும்பி ஏதேனும் தின்று முடித்தபின், வெயில் இன்னும் திண்ணையில் இருக்கும்போது சிக்கெடுத்து, இரவில் தளர்ந்த ஒற்றைச் சடையாகப் பின்னி, நுனியைத் துணிநாடாவால் கட்டிவிட்டால், காலையில் பிரித்து மேலோட்டமாக வாரி மீண்டும் பின்னுவதற்கு மூன்று நிமிடம் போதும். பழைய பட்டுப்புடவைத் துண்டால் தலையணைக்கு உறை தைப்பதும், கம்பளிக் குல்லாயின் உட்புறத்தில் அதே துணியை வைத்துத் தைப்பதும் உராய்வைக் குறைக்கும் எளிய வழிகள். ரப்பர் வளையம் முடியை அறுக்கும். ரிப்பனும் துணி சுற்றிய வளையமும் அறுப்பதில்லை.

பள்ளிக்கென்று போடும் ரெட்டைச் சடை கலையாமல் நிற்கவேண்டும் என்று நெற்றியின் தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கிப் பின்னுவது தவறு. தொடர்ந்த இழுவையால் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி உதிரும் நிலை இழுவை வழுக்கை எனப்படும்; கிரீன்லாந்துப் பெண்களிடம் இது 1907-ஆம் ஆண்டிலேயே பதிவாகியுள்ளது. பின்னிய பின் குழந்தை புருவத்தை உயர்த்தும்போது தோல் இழுபட்டால், அல்லது சடை தொடங்கும் இடத்தில் சிறு கொப்புளங்கள் தெரிந்தால், பின்னல் இறுக்கம் மிகுந்தது என்று அறியவேண்டும்.

தினமும் வார ஆளும் நேரமும் இல்லாத வீட்டில் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிடுவதே நேர்மையான தீர்வு. பெண்குழந்தைக்கு நீண்ட கூந்தல் வேண்டும் என்ற உறவினரின் விருப்பத்திற்காக அக்குழந்தை நாள்தோறும் அழவேண்டியதில்லை. பழனிக்கு நேர்ந்துகொண்டு முதல் முடியிறக்கத்தை இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிவைக்கும் குடும்பங்களில் ஆண்குழந்தைகளின் முடியும் இதே அளவுக்குச் சிக்குண்டுபோவதால், அதுவரை அவர்களுக்கும் இம்முறைகள் யாவும் பொருந்தும். மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக முளைக்கும் என்பது உண்மையன்று. மயிர்க்காலின் எண்ணிக்கை பிறப்பிலேயே அமைந்துவிடுகிறது, மழித்தபின் முளைக்கும் முடி முனை மழுங்கியிருப்பதால் தடித்ததாகத் தோன்றுகிறது.

குழந்தையைக் கூட்டாளியாக்குதல்

வலியைக் குறைத்தபின்னும் பழைய வலியின் நினைவு சில வாரங்கள் நிற்கும். அதை நீக்க முன்னறிவிப்பும் கட்டுப்பாடும் உதவுகின்றன. பத்துவரை எண்ணும்வரை வாரி, பத்தில் சீப்பை எடுத்துவிட்டு ஓய்வு தருவதும், “பாட்டி, நிறுத்து” என்று குழந்தை சொன்னால் அக்கணமே நிறுத்துவதும் அவற்றுள் முதன்மையானவை. நிறுத்தச் சொல்லும் உரிமையைக் கொடுத்துவிட்டு, “இன்னும் கொஞ்சம்தான் கண்ணு” என்று தொடர்ந்தால், கொடுத்ததைவிடக் கொடுக்காமல் இருந்திருப்பதே நன்று. கையில் கண்ணாடி கொடுப்பதும், பொம்மையின் தலையைக் குழந்தையே வாரட்டும் என்று விடுவதும், ரிப்பனின் நிறத்தை அதுவே தேர்ந்தெடுப்பதும் பயன் தரும். கைபேசியைக் கொடுப்பது எளிதாகத் தோன்றினாலும், தலை கவிழ்ந்து பிடரி மறைந்துவிடுவதாலும், திரை அணைந்தவுடன் அழுகை இருமடங்காவதாலும் அது நீடித்த வழியன்று. மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரே அமர்வில் ஐந்து நிமிடத்திற்கு மேல் கேட்கக்கூடாது. எஞ்சிய சிக்கை இரவில் எடுக்கலாம்.

சில குழந்தைகளுக்கு மெல்லிய தொடுகையே தாங்கமுடியாத எரிச்சலாக இருக்கும். தொடுவுணர்வு மிகைமை எனப்படும் இந்நிலை ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. இத்தகைய குழந்தைக்கு மென்மையாக வருடுவது தீர்வன்று. வாருமுன் இரு உள்ளங்கைகளாலும் தலையைச் சீரான அழுத்தத்தோடு சில விநாடி பிடித்திருப்பதும், ஒவ்வொரு நாளும் அதே இடத்தில், அதே வரிசையில், அதே ஆள் வாருவதும் பலருக்கு உதவுகின்றன.

ஒட்டிக்கொள்பவையும் பேனும்

மறையூர் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அவ்வெல்லம் காய்ச்சும் கரும்பு ஆலைக் கொட்டகையைச் சுற்றி விளையாடும் குழந்தைகளின் முடியில் பாகு ஒட்டுவது இப்பகுதியில் வழக்கமான செய்தி. பாகு சர்க்கரை என்பதால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தாலே கரைந்துவிடும். அதன்மேல் முதலில் எண்ணெய் தடவினால் நீர் உள்ளே செல்லாமல் வேலை கடினமாகும். பலாப்பால் இதற்கு நேர்மாறானது: நீர் பட்டால் இறுகும், எண்ணெயில் இளகும். நாயுருவி, ஒட்டுப்புல் போன்றவற்றின் முட்கள் மாட்டிக்கொண்டால் முடியை முள்ளிலிருந்து இழுக்காமல், எண்ணெய் தொட்ட விரலால் முள்ளை நசுக்கித் துண்டாக்கி எடுக்கவேண்டும். பிரிக்கவே முடியாத முடிச்சு தோலை ஒட்டி இருந்தால், தோலுக்கும் முடிச்சுக்கும் இடையே சீப்பைப் படுக்கவைத்துக் காப்பாக்கிக்கொண்டு, கத்தரியால் முடியின் நீளவாக்கிலேயே முடிச்சைப் பிளக்கவேண்டும். குறுக்கே வெட்டினால் வழுக்கைத் திட்டு தெரியும்.

பேன் உள்ள தலையில் அரிப்பும் சொறிதலும் சிக்கை வளர்க்கும், சிக்கு பேன்சீப்பைத் தடுக்கும்; ஆகவே முதலில் அகன்ற சீப்பு, அதன்பின்னரே பேன்சீப்பு. முடியை நனைத்துக் கண்டிஷனர் தடவினால் பேன் விரைந்து ஓட முடிவதில்லை. தோலிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கற்றையாக இழுத்து, ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்கவேண்டும். ஈர், அதாவது முடியில் ஒட்டிய பேன் முட்டை, ஏழு முதல் பத்து நாள்களில் பொரிப்பதால், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை என இரண்டு வாரம் தொடர்ந்தாலன்றி வீட்டை விட்டுப் பேன் போகாது. குடும்பத்தில் அனைவரின் தலையையும் ஒரே நாளில் பார்க்கவேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது தீப்பற்றும் ஆபத்தும் நச்சுப்புகையும் உடையது. தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்ப்பது பல வீடுகளில் தீங்கற்றதாகக் கருதப்படுகிறது. ஆனால் சிறு குழந்தைகளுக்குக் கற்பூரம் வலிப்பை உண்டாக்கக்கூடிய நஞ்சு, அதைத் தலையிலும் தேய்க்கக்கூடாது, கைக்கெட்டும் இடத்திலும் வைக்கக்கூடாது.

மருத்துவரிடம் காட்டவேண்டிய நிலைகள்

வட்டமாக முடி உதிர்ந்து செதில் எழுந்திருப்பது, சீழ்வைத்த மெத்தென்ற வீக்கம், பிடரியில் நெறிகட்டுதல் ஆகியவை தலைப் படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்றின் அறிகுறிகள். மேற்பூச்சு மட்டும் இதற்குப் போதாது, வாய்வழி மருந்து தேவைப்படும். லேசாக இழுத்தாலே வலியின்றிக் கொத்தாக முடி கையோடு வருமானால் அதையும் காட்டவேண்டும். மிக அரிதாக, எவ்வளவு வாரினாலும் படியாமல் எல்லாத் திசையிலும் குத்திட்டு நிற்கும் வைக்கோல் நிற முடி சில குழந்தைகளுக்கு அமைவதுண்டு. வாரமுடியாத முடி நோய்க்குறி என 1970-களில் மருத்துவ நூல்களில் இடம்பெற்ற இதற்குக் காரணமான மூன்று மரபணுக்கள் 2016-இல் கண்டறியப்பட்டன. முடித்தண்டின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் முக்கோணமாகவோ பள்ளமுடையதாகவோ இருப்பதே முடி படியாமல் நிற்பதற்குக் காரணம். எண்ணெயோ இறுக்கமான பின்னலோ அதைத் திருத்துவதில்லை. வளர வளரப் பெரும்பாலும் தானாகவே சீராகிறது. அதுவரை அக்குழந்தையின் முடியைக் குட்டையாக வைத்து, மென்மையான பிரஷால் மேலோட்டமாக நீவிவிட்டு, பள்ளி ஆசிரியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் இது அழுக்கோ அசட்டையோ அன்று என்று பெற்றோர் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும்.